பிரித்துப் போட்ட பழைய கார்: முடிப்பதா, கைகழுவுவதா?

மதுரை திருநகர் வீட்டு போர்டிகோவில் அப்பாவின் பிரீமியர் பத்மினி கார் ஏழு வருஷம் கிடந்தது. நின்றது என்று சொல்ல வாய் வரவில்லை. சக்கரங்களைக் கழற்றி நான்கு ஹாலோ பிளாக் கல் மேல் உட்கார வைத்திருந்தேன். எஞ்சின் மாடிப்படிக்குக் கீழே, பழைய டயர் ஒன்றின் மேல். சீட்டுகள் மொட்டை மாடி அறையில். நட்டும் போல்ட்டும் பதினொரு ஹார்லிக்ஸ் பாட்டில்களில். வருகிறவர்கள் எல்லாம் "எப்ப ஓடும்?" என்பார்கள். "பொங்கலுக்கு" என்பேன். எந்தப் பொங்கல் என்று யாரும் கேட்டதில்லை.

அதை நான் முடிக்கவில்லை. கொடுத்துவிட்டேன். அந்த முடிவுக்கு வர வீணாக நான்கு வருஷம் இழுத்தேன். ஒழுங்காக உட்கார்ந்து பார்த்திருந்தால் நான்கு ஞாயிற்றுக்கிழமை போதும். அந்த நான்கு ஞாயிறுகளில் எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பியட், அம்பாசடர், கான்டெஸா, பழைய ஜீப், மாருதி 800 என எதைப் பிரித்துப் போட்டிருந்தாலும் வரிசை ஒன்றுதான். நம்மில் முக்கால்வாசிப் பேர் எஞ்சினைப் பார்த்து முடிவெடுக்கிறோம். வண்டியை முடிக்க விடாமல் செய்வது எஞ்சின் இல்லை. தாள், தகரம், நம் நேரம் இவைதான்.

முதலில், நாள் பார்த்து உட்காருங்கள்

கத்திரி வெயிலில் முடிவெடுக்காதீர்கள். மே மாதம் மதுரையில் தகர ஷெட்டுக்குள் ஸ்பேனரைத் தொட்டாலே கை சுடும். அப்போது எந்த வண்டியும் பழைய இரும்பாகத்தான் தெரியும். லேத்தில் பில் வாங்கிய வாரமும் வேண்டாம். யாரோ துருப்பிடித்த காரை இருபது நிமிஷ வீடியோவில் பளபளவென்று மாற்றிக் காட்டியதைப் பார்த்த ராத்திரி கட்டாயம் வேண்டாம். அன்றைக்குத்தான் நான் புது வீல் கப் வாங்கினேன். சக்கரமே இல்லாத வண்டிக்கு.

மழை விட்ட ஒரு ஞாயிறு போதும். வண்டிமேல் அடுக்கியிருக்கும் அட்டைப்பெட்டி, கொசுவலை, உடைந்த சைக்கிள் எல்லாவற்றையும் இறக்குங்கள். தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வண்டியை முழுதாக ஒருமுறை பார்க்காமல் அதைப் பற்றிப் பேச ஆரம்பிக்கக் கூடாது. எனக்கு அன்றுதான் டிக்கிக்குள் எலி குடும்பம் நடத்துவதும் வயரிங்கில் பாதி அதன் வயிற்றுக்குள் போயிருப்பதும் தெரிந்தது.

தாள்

ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். வண்டி யார் பெயரில் இருக்கிறது? என் வண்டி அப்பா பெயரில். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும் என்பது விதி. சாவு வீட்டில் யாருக்கு அது ஞாபகம் வரும்? எனக்கு வரவில்லை. பிறகு வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ், அம்மாவின் கையெழுத்து, கோயம்புத்தூரில் இருக்கும் தங்கச்சியின் கையெழுத்து என்று அலைந்தேன். வாரிசுகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பம் என்றால் இந்த இடத்திலேயே வழிகாட்டியை மூடி வைத்துவிட்டு முதலில் அதைச் சரி செய்யுங்கள். பெயர் மாறாத வண்டியில் ஒரு ரூபாய் போடுவதும் வைகை மணலில் வீடு கட்டுவதும் ஒன்றுதான்.

அடுத்து ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா 1994-இல் பழைய வண்டியாக வாங்கியபோது கடன் போட்டிருந்தார். கடன் எப்போதோ முடிந்துவிட்டது, பதிவை மட்டும் நீக்கவில்லை. நீக்க வேண்டுமென்றால் படிவம் 35-இல் கடன் கொடுத்தவர் கையெழுத்து வேண்டும். அந்தக் கம்பெனியின் போர்டே இப்போது இல்லை. நல்லவேளை, அப்பாவின் எல்.ஐ.சி. ஃபைலுக்குள் கடன் முடித்ததற்கான கடிதம் கிடந்தது. எந்தத் தாளையும் தூக்கிப் போடாத தலைமுறை அது.

பிறகு சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். துருவைச் சுரண்டி, சாக்பீஸ் தேய்த்துப் படியுங்கள். ஒரு காலத்தில் பெட்ரோல் அம்பாசடருக்கும் பத்மினிக்கும் பட்டறைகளில் டீசல் எஞ்சின் ஏற்றுவது சாதாரணம். அதை ஆர்.சி.யில் பதியாமல் விட்டவர்கள் நிறைய. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி மாற்றம் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் புதுப்பிக்கப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

பதிவு 15 வருஷத்துக்கு. அதன்பின் படிவம் 25 கொடுத்து 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-இலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. தாமதத்துக்கு மாதம் 500 என்பது மத்திய விதி, ஒரு வருஷம் விட்டால் 6,000. இதோடு பசுமை வரியும் சேரும். இந்தத் தொகையை ஒரு நோட்டில் முதல் வரியாக எழுதுங்கள். வண்டி டி.என். 58-ஆ, 59-ஆ, 64-ஆ என்று பார்த்துக்கொண்டு தெற்கு, வடக்கு, மத்தி என்று சரியான அலுவலகத்துக்குப் போங்கள். பழைய புத்தகம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

இரண்டு சந்தேகங்களை இங்கேயே தீர்த்துவிடலாம். "பெட்ரோல் வண்டி 15 வருஷத்துக்கு மேல் ஓடக்கூடாதாமே?" என்று டீக்கடையில் சொல்வார்கள். அது டெல்லியையும் அதைச் சுற்றியுள்ள தலைநகர் பகுதியையும் பற்றிய பேச்சு, மதுரைக்கு இல்லை. இன்னொன்று, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டி என்றால் 2021-இல் வந்த விதிப்படி வின்டேஜ் பதிவு வாங்கலாம். எண்ணில் 'வி.ஏ.' என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் அதில் தினமும் பால் வாங்கப் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு என்ற அளவுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். பியட் 1100 டிலைட், அம்பாசடர் மார்க் 2, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் முடிவெடுக்கும் முன் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தகரம்

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். ஒரு முழு ஞாயிறை இதற்கே கொடுங்கள்.

பத்மினிக்குத் தனி சேஸிஸ், அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. 1953-இல் இத்தாலியில் வந்த பியட் 1100/103-இன் வம்சம் அது, பாடிதான் சேஸிஸ். அம்பாசடரும் அப்படியே. பாடியின் அடித்தகரம் அரித்துவிட்டால் வண்டியின் முதுகெலும்பே அரித்ததாக அர்த்தம். ஹெரால்டுக்கும் ஜீப்புக்கும் தனி சேஸிஸ் உண்டு. பாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாக வேலை பார்க்கலாம். அதனால் ஒரே அளவு துரு இருந்தாலும் ஜீப்புக்கு ஒரு தீர்ப்பு, பத்மினிக்கு வேறு தீர்ப்பு.

வேண்டியது ஒரு ஸ்க்ரூ டிரைவர், சின்னச் சுத்தியல், ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம், வெள்ளையும் சிவப்புமாக இரண்டு சாக்பீஸ். காந்தத்தைத் துணியில் சுற்றி உடம்பெல்லாம் நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் ஓட்டையை மறைக்கும் பட்டிப் பூச்சை உள்ளே நிரப்பியிருக்கிறார்கள். சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல தகரம் கணீரென்று சொல்லும், பட்டி தொப்பென்று சொல்லும். பிறகு கால்மிதி விரிப்பைத் தூக்கிவிட்டுத் தரையையும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகரத்தையும், ஜாக் வைக்கும் இடத்தையும், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடத்தையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே போனால் ஓட்டை. மனசு கேட்காமல் மெதுவாகக் குத்தாதீர்கள். நான் முதல் தடவை அப்படித்தான் குத்தினேன்.

மேல்தோல் ஓட்டைக்கு, அதாவது மட்கார்டு, கதவின் அடி, பானட் ஓரம் போன்றவற்றுக்கு, வெள்ளை வட்டம். பாரம் தாங்கும் இடத்துக்குச் சிவப்பு வட்டம். வெள்ளை எத்தனை இருந்தாலும் பயப்பட வேண்டாம், அது டிங்கர் வேலை, காசு வேலை. சிவப்பை எண்ணுங்கள். கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டி, ஜாக் இடம், ஸ்பிரிங் இடம் மூன்றில் ஒன்று போயிருந்தால் செய்யலாம். இரண்டு போயிருந்தால், அதுவும் இரண்டு பக்கமும் என்றால், உங்கள் வண்டிக்கு ரொம்பவும் வேண்டிய காரணம் ஒன்று இருந்தாலொழிய விட்டுவிடுங்கள். இது என் அளவுகோல். எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சக்கரம் இருக்கும் வண்டி என்றால் இன்னொரு சோதனை. நான்கு கதவையும் திறந்து மூடிப் பாருங்கள். ஒரு பக்கம் ஜாக் வைத்துத் தூக்கிவிட்டு மறுபடி மூடிப் பாருங்கள். தரையில் ஒழுங்காக மூடிய கதவு தூக்கியபின் இடித்தால், பாடி நடுவில் வளைகிறது என்று அர்த்தம். அடியில் படுத்துப் பார்க்க வேண்டுமென்றால் இரும்பு ஸ்டாண்டு வைத்துப் படுங்கள். நான் வைத்த ஹாலோ பிளாக் ஒரே நொடியில் நொறுங்கக் கூடியது. ஏழு வருஷம் அது நொறுங்காதது என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

வண்டியின் பூர்வீகத்தையும் கேளுங்கள். மதுரை, தேனி, உசிலம்பட்டிப் பக்கம் நின்ற வண்டி காய்ந்த வண்டி. ராமேஸ்வரம், தூத்துக்குடிக் கரையில் இருந்த வண்டிக்கு உப்புக்காற்று உள்ளே இருந்து தின்றிருக்கும். எங்கள் பத்மினி தூத்துக்குடியில் வாங்கியது.

வில்லாபுரத்தில் ஒரு டிங்கரை வீட்டுக்கே கூட்டி வந்தேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அறுபதாயிரம் என்றார். நான் சரி என்றதும் இடது பக்கக் கதவுக்குக் கீழே உள்ள பெட்டித் தகரத்தை வெட்டித் திறந்தார். உள்ளே சுருட்டிச் சுருட்டிச் செய்தித்தாள் திணித்து, மேலே பட்டி இழுத்து, பெயின்ட் அடித்திருந்தது. ஒரு தாளில் தேதிகூடப் படிக்க முடிந்தது: 1992.

"தம்பி, இது உங்கப்பா வாங்குறதுக்கு முன்னாடியே செஞ்ச வேலை" என்றார்.

"அப்ப இப்ப எவ்வளவுண்ணே ஆகும்?"

"வலது பக்கத்தையும் திறந்து பாத்துட்டுச் சொல்றேன். ஆனா ஒண்ணு. அறுபதுன்னு நான் சொன்னதை மறந்துருங்க."

திறந்தார். ஒரு லட்சத்து நாற்பது. அந்த மனுஷன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூடியிருக்கும் தகரத்துக்கு யாராலும் விலை சொல்ல முடியாது. அதனால் விலை கேட்கும் முன் ஓர் இடத்தையாவது வெட்டித் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதற்கு ஐநூறோ ஆயிரமோ கூலி கொடுத்துவிடுங்கள். நீங்கள் செலவழித்ததிலேயே லாபமான காசு அதுவாகத்தான் இருக்கும்.

எஞ்சின், சுருக்கமாக

எஞ்சினைப் பற்றி நம் ஊரில் பயப்பட வேண்டியது குறைவு. டி.வி.எஸ். நிறுவனர் டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொழில் தொடங்கிய ஊர் இது. பஸ்ஸும் லாரியும் வளர்த்துவிட்ட லேத்துகளும் போரிங் மெஷின்களும் இங்கே இருக்கின்றன. பத்மினியின் 1089 சி.சி. எஞ்சினும் அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினும் மெக்கானிக்குக் கைவந்த சமாச்சாரம். ரீபோர், கிராங்க் கிரைண்டிங், வால்வு லேப்பிங் எல்லாமே விலை சொல்லக்கூடிய வேலைகள்.

இறுகிப்போன எஞ்சினை ஸ்டார்ட்டர் போட்டு வதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊற வைத்து, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் அசையுங்கள். சுற்றினால் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காட்டும் அழுத்தம், பாருங்கள். சிலிண்டர்களுக்குள் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைவான சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பெட்ரோல் டேங்கில் இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாபிரத்தையும் இளக்கும். அவற்றை மாற்றும் செலவும் நோட்டில் ஏற வேண்டும்.

பாட்டில் கணக்கு

எல்லாச் சாமானையும் ஒரு தார்ப்பாயில் பரப்புங்கள். இருப்பதை எழுத வேண்டாம், இல்லாததை எழுதுங்கள். எனக்குப் பழங்காநத்தம் பக்கம் ஒரு பட்டறையில் எஞ்சினை இறக்கினார்கள். பட்டறை இடம் மாறியபோது வண்டி வந்தது, எஞ்சின் வந்தது, டைனமோ பிராக்கெட்டும் வைப்பர் மோட்டாரும் வரவில்லை. கேட்டதற்கு, "வரும் சார்" என்றார்கள்.

எஞ்சின் சாமான் கிடைக்கும். கிடைக்காதவை கண்ணாடி, ரப்பர் பீடிங், குரோம் பட்டை, டெயில் லாம்ப் லென்ஸ், டேஷ்போர்டு மீட்டர். சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் இரண்டு இரண்டு நாள் சுற்றியிருக்கிறேன். ஒரு பின் கண்ணாடிக்கு ஆன பஸ் செலவு, சாப்பாடு, லாட்ஜ் வாடகை எல்லாம் கண்ணாடி விலையைத் தாண்டிவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இன்னொன்றையும் யோசியுங்கள். பத்மினிக்கு இத்தனை நாள் சாமான் ஓடியதற்கு மும்பை டாக்ஸிகள் பெரிய காரணம். அங்கே கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரோடு ஓய்ந்தது. அம்பாசடரும் மாருதி 800-ம் 2014-இல் தயாரிப்பு நின்றவை, இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். இன்றைக்குக் கிடைக்காத சாமான் நாளைக்கு மலிவாகக் கிடைக்கும் என்று காத்திருப்பதில் அர்த்தம் இல்லை.

மணிக்கணக்கு

பணக்கணக்கை எல்லோரும் போடுவார்கள். மணிக்கணக்கைப் போடுவதில்லை. கடந்த ஆறு மாதத்தில் வண்டியில் உண்மையாகக் கைவைத்த மணிநேரத்தை எழுதுங்கள். யோசித்த நேரம், வீடியோ பார்த்த நேரம், நண்பனோடு பேசிய நேரம் சேராது. எனக்கு ஆறு மாதத்துக்கு 24 மணி வந்தது; மாதம் 4. மீதி வேலையை மெக்கானிக்கோடு உட்கார்ந்து கூட்டியபோது, என் பங்கு மட்டும் 300 மணிக்குக் குறையவில்லை. 300-ஐ 4-ஆல் வகுத்தால் 75 மாதம். ஆறு வருஷத்துக்கு மேல். அதற்குள் முதலில் போட்ட பெயின்ட் உரியும், வாங்கி வைத்த டயர் வெடிக்கும். டயரின் பக்கத்தில் நான்கு எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். நான் 'புது டயர்' என்று பத்திரமாக வைத்திருந்ததில் 2316 என்று இருந்தது.

பணத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: வண்டி பத்திரமாக நிற்கவும் திரும்பவும் வேண்டியது, ஓட வேண்டியது, அழகுக்கு வேண்டியது. பிரேக், ஸ்டீயரிங், டயர், வயரிங் முதல் பத்தி. சொன்ன தொகையை நான் எப்போதும் இரண்டால் பெருக்குகிறேன். இதுவரை போட்ட பணத்தை நோட்டில் எழுதவே எழுதாதீர்கள். நான் எழுதினேன். அந்த எண்தான் என்னை நான்கு வருஷம் கட்டிப்போட்டது. "இவ்வளவு போட்டாச்சே" என்ற ஒரே வரிக்காக இன்னும் எழுபதாயிரம் போட்டேன்.

ஒரு மண்டலம்

இப்போதும் மனசு இரண்டாக இருந்தால் வண்டிக்கு ஒரு மண்டலம் கொடுங்கள். 48 நாள். அதற்குள் முடிக்கக்கூடிய ஒரே வேலையைத் தேர்ந்தெடுங்கள். நான் பிரேக்கைச் சொல்வேன்: மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ், புது பிரேக் ஆயில். சின்ன வேலை, சாமான் கிடைக்கும், முடிந்தால் முடிந்தது தெரியும். பெயின்ட் பூச்சு, குஷன் மாதிரி வேலையைத் தேர்ந்தெடுத்து ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். 48-ஆம் நாள் பிரேக் பிடித்தால் நீங்கள் இன்னும் இந்த வண்டிக்கு ஆள்தான். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை என்றால் பதில் வந்துவிட்டது. என் வீல் சிலிண்டர் செட் உறை பிரிக்காமலே வண்டியோடு போயிற்று.

வீட்டில் பேசுங்கள்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், கையில் கணக்கில்லாமல் பேசப் போனால் சண்டைதான் மிஞ்சும். நோட்டோடு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். நான் அம்மாவிடம்தான் பயந்தேன். அப்பா வண்டியை விற்கலாம் என்று எப்படிச் சொல்வது? சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது பட்டென்று கேட்டேன்.

"ஏம்மா, அந்த வண்டியைக் குடுத்துரலாமா?"

"குடு. இதுக்கு ஏன்ப்பா இப்படி முழிக்கிற?"

"அப்பா ஆசையா வச்சிருந்தாரேன்னு..."

"யாரு, உங்கப்பாவா? கொடைக்கானல் போறப்பல்லாம் டம்டம் பாறைகிட்ட நின்னு புகை விடும். உன்னையும் உன் தங்கச்சியையும் கீழ இறக்கி விட்டுட்டுத் தண்ணி ஊத்துவாரு. ஊத்தறப்ப அதைத் திட்டுற திட்டு இருக்கே! தூத்துக்குடிக்காரன் ஏமாத்திட்டான்னு சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டுதான் இருந்தாரு."

அந்த 1992-ஆம் வருஷத்துச் செய்தித்தாளை நான் அம்மாவிடம் காட்டவில்லை. ஏழு வருஷம் நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது அப்பாவின் ஆசை இல்லை, என் சின்ன வயசு. அதற்கு மாதம் 4 மணிநேரம் போதாது.

உங்கள் வீட்டில் பதில் வேறாக இருக்கலாம். "அது இருக்கட்டும், ஓட வேண்டாம், இருந்தால் போதும்" என்று அம்மா சொன்னால் அதுவும் ஒரு முடிவுதான். கீழே அதற்கும் வழி இருக்கிறது.

போகும் வழிகள்

முதல் வழி, ஆசையைச் சுருக்குவது. மேலூரில் என் நண்பன் ஒருவன் அம்பாசடர் நோவா வைத்திருக்கிறான். நான்கு கதவும் நான்கு நிறம். சீட்டுக்குக் கோணிச்சாக்கு உறை. ஆனால் பிரேக் பிடிக்கும், லைட் எரியும், தோப்புக்குப் போய்த் தேங்காய் ஏற்றி வரும். முதல் பத்தியையும் இரண்டாம் பத்தியையும் முடித்துவிட்டு மூன்றாம் பத்தியைக் கிழித்துப் போட்டான். சிவப்பு வட்டம் இல்லாத வண்டிக்கு இதுதான் சரியான வழி. என்னைவிட அவன் புத்திசாலி, இதை அவனிடம் சொன்னதில்லை.

இரண்டாவது, ஒழுங்காக நிறுத்தி வைப்பது. கண்டபடி விட்டுவிடுவது வேறு, நிறுத்தி வைப்பது வேறு. பேட்டரியைக் கழற்றுங்கள். டேங்கைக் காலி செய்யுங்கள். புது எஞ்சின் ஆயில் ஊற்றி, பிளக் ஓட்டையில் எண்ணெய் விட்டு, மாதம் ஒருமுறை கையால் சுற்றுங்கள். ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். போட்டால் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம், அது ஈரத்தை உள்ளே அடைக்கும், பருத்தித் துணி உறை நல்லது. சைலன்சர் வாயில் துணி அடையுங்கள், எலிக்கு அதுதான் கோபுர வாசல். மறுபடி பார்க்கும் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள்.

மூன்றாவது, முழுதாகக் கைமாற்றுவது. சிவப்பு வட்டங்களை அழிக்காமல் படம் எடுத்துப் போடுங்கள், இல்லாத சாமான் பட்டியலையும் சேர்த்து. நான் அப்படிப் போட்டதால் கூப்பிட்டவர்கள் நான்கே பேர். ஆனால் வந்து பார்த்துவிட்டுப் பேரம் பேசி வம்பிழுத்தவர் யாருமில்லை. பாட்டில்களில் எது எதற்கு என்று பேப்பர் ஒட்டினேன். அதற்கே இரண்டு ஞாயிறு ஆனது.

விற்கும்போது வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். படிவம் 29, 30 முழுதாக நிரப்பி, வாங்குகிறவரின் ஆதார் நகலோடு நீங்களே உடன் போங்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். விற்றுக் கொடுத்தபின்னும் பதிவில் பெயர் மாறாமல் இருந்தால், விபத்து இழப்பீட்டுக்குப் பதிவிலுள்ளவரே உரிமையாளராகப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பழைய வண்டிதானே என்று அசட்டையாக இருப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

நான்காவது, பிரித்து விற்பதும் உடைப்பதும். பிரித்து விற்றால் காசு கூடுதல் வரும் என்பது உண்மை. ஆனால் எஞ்சின், கியர்பாக்ஸ், கண்ணாடி, நல்ல கதவு முதல் மாதம் போய்விடும். மிச்ச ஓடு இரண்டு வருஷம் போர்டிகோவில் கிடக்கும். ஒரு வேலையை விட முடியாமல் தவிப்பவருக்கு இது இன்னொரு வேலை. உடைப்பதென்றால் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்துக்குக் கொடுங்கள். 2021 விதிகளின்படி அவர்கள் தரும் ஒப்படைப்புச் சான்றைக் காட்டிப் புதுக் கார் வாங்கினால் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகைக்கு இடமுண்டு. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டு, ஆர்.சி.யையும் சேஸிஸ் எண் தகட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்த எண் நாளை ஒரு திருட்டு வண்டியில் ஒட்டிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். வண்டி இல்லாமல் போனால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 55-ஆம் பிரிவு சொல்கிறது.

என் பத்மினியை உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் வாங்கினான். வெல்டிங் பட்டறை அவனுடையது. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் டிங்கர் வேலை அவனுக்கு ராத்திரி நேரத்துக் கைவேலை. டாடா ஏஸில் எஞ்சின், ரெக்கவரி வண்டியில் பாடி, மடியில் பதினொரு பாட்டில். போனதும் போர்டிகோவில் எண்ணெய்க் கறையை மரத்தூள் போட்டுத் தேய்த்தேன், முழுசாகப் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டான். "அண்ணே, ஏழாம் நம்பர் பாட்டில்ல ஒரு வளைஞ்ச பிராக்கெட் இருக்கு. பேப்பர்ல 'தெரியாது'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாப்பா, தெரியாது. ஆர்.சி. என்னாச்சு?"

"அடுத்த வாரம் வந்துரும்ண்ணே."

வந்தது ஐந்தாவது வாரம். பெயர் மாறிய ஆர்.சி.யின் படம் வாட்ஸ்அப்பில் வரும்வரை படிவங்களின் நகல், ரசீது, ஆதார் நகல், வண்டி ஏற்றியபோது எடுத்த படம் எல்லாவற்றையும் அப்பாவின் எல்.ஐ.சி. ஃபைலுக்குள்ளேயே வைத்திருந்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.